மறுமொழி: மெட்டாஸ்டாசிஸுக்குத் தமிழ்ச் சொல் – "கிளைப்புற்று", "ஈசலணு"

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை நான் தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. நேற்று இரவு முதல் மடலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். கேள்வி கேட்டவளே இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ஒவ்வொரு சொல்லுக்கும் உடனுக்குடன் பதில் போட மனம் வரவில்லை. இப்போது ஒரே மடலில் எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

புதிதாக இழைக்குள் வந்தவர்களுக்காக ஒரு வரி. நான் நோய்க்குறியியல் மருத்துவர். நுண்ணோக்கியில் திசு பார்ப்பது என் வேலை. இரைப்பை, குடல் புற்றுநோய் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. நோயாளிகளின் வீட்டாரும் செவிலிய மாணவர்களும் படிக்கப் போவது. அதில் என் பங்கு, பிறந்த உறுப்பை விட்டு வேறு உறுப்புக்குப் போய்ச் சேர்ந்த புற்று அணுக்களின் (செல்களின்) இயல்புகள் பற்றிய அத்தியாயம். பாருங்கள், அத்தியாயத்தின் தலைப்பைச் சொல்லவே இத்தனை சொற்கள் தேவைப்படுகின்றன. அதனால்தான், ஆங்கிலத்தில் மெட்டாஸ்டாசிஸ் என்று சொல்லும் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டு உங்களிடம் வந்தேன்.

முதலில் கோவை ஐயாவின் மடல்.

> "பரவல் என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லா மருத்துவர்களும் 'பரவிடுச்சு' என்றுதான் சொல்கிறார்கள். மக்களிடம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?"

ஐயா, நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீர் பரவும், தீ பரவும், வதந்தி பரவும். இருந்த இடத்திலிருந்து இடைவெளி விடாமல் அடுத்த இடத்துக்குப் போவதுதான் பரவல். பெருங்குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பைக்குள் புற்று போனால் அது பரவல். அதற்கு அந்தச் சொல் வேண்டும். குடலில் ஒரு கட்டி, கல்லீரலில் இரண்டு கட்டி, நடுவில் ஒன்றுமே இல்லை என்றால்? அதை எப்படிப் பரவல் என்பது? ரத்தத்தில் போன ஓர் அணு அங்கே இறங்கிப் புதிதாகக் கட்டியது அது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்ல, நான் பார்த்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். சில வருடங்களுக்கு முன் கல்லீரலில் ஊசி குத்தி எடுத்த திசு ஒன்று என் மேசைக்கு வந்தது. கூடவே வேறோர் இடத்தில் கொடுத்த தமிழ்ச் சுருக்கக் குறிப்பு. அதில் "கல்லீரல் புற்றுநோய்" என்று எழுதியிருந்தது. கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கல்லீரல் அணுக்களுக்கு நடுவே, அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத சுரப்பி வளையங்கள். உயரமான அணுக்கள், பென்சில்களை நெருக்கி அடுக்கியதுபோல நீள நீளமான உட்கருக்கள், வளையத்தின் நடுவில் செத்த அணுக்களின் குப்பை. குடலில் பார்ப்பது அப்படியே கல்லீரலில் உட்கார்ந்திருந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தபோது சைட்டோகெரட்டின் 20 என்ற புரதம் இருந்தது, சைட்டோகெரட்டின் 7 இல்லை, சிடிஎக்ஸ்2 என்ற புரதத்துக்கான சாயம் உட்கரு முழுக்கப் பழுப்பாக ஏறியிருந்தது. பெருங்குடலின் கையெழுத்து அது.

அறிக்கை வாங்க மனைவியும் தம்பியும் வந்தார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவர் குடிக்கவே மாட்டாரே டாக்டர், எப்படிக் கல்லீரல்ல புற்று வரும்?" சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் ரகசியமாகக் குடித்தார் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். ஒரு சொல் செய்த வேலை. நான் படம் போட்டு விளக்கினேன். குடல், அதிலிருந்து வரும் சிரை, கல்லீரல். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப மெயின் குடல்லதான் இருக்கு. இது அதோட கிளை. பேரு ஒண்ணுதான், சரக்கும் ஒண்ணுதான். அப்படித்தானே?"

அப்படித்தான். வைத்தியமும் அதன்படிதான். அவருக்குக் கொடுக்க வேண்டியது ஃபுளுரோயுராசில், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற பெருங்குடல் புற்றுக்கான மருந்துகள். கல்லீரலில் பிறந்த புற்றுக்கான மருந்துகள் அல்ல. எண்ணிக்கையும் இடமும் ஒத்துவந்தால் கல்லீரலில் இருப்பதை அறுத்தே எடுக்கலாம், எடுத்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். "பரவிடுச்சு" என்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு பிடிவாதம்.

இந்தத் தவறு படிக்காதவர்கள் மட்டும் செய்வதல்ல. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் குரூகன்பெர்க் 1896-இல் சூலகக் கட்டி ஒன்றை விவரித்தார். சூலகத்திலேயே பிறந்த புதுவகைப் புற்று என்று நம்பினார். அது பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வந்து சேர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் அவர் பெயரில்தான் அந்தக் கட்டியை அழைக்கிறோம். ஆகவே நமக்கு வேண்டிய சொல் "எங்கே இருக்கிறது" என்பதோடு "யாருடையது" என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து "இடம்பெயர்வு". மூலச்சொல்லுக்கு இதுதான் நேர் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மெட்டாஸ்டாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடம் மாறி நிற்றல் என்பதுதான் பொருள். பாரிஸில் ஷோசெஃப் ரெக்காமியே 1829-இல் புற்றுக்கு அதைப் பயன்படுத்தினார். அதற்கு யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய மறுமொழியைப் படித்தீர்களா?

> "நாங்கள் மூண்டு தரம் இடம்பெயர்ந்தனாங்கள். அந்தச் சொல்லை ஒரு புற்றுக்குக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. குடியேற்றமும் வேண்டாம், அதுக்கும் எங்கட ஊரில வேற கதை இருக்கு."

அக்கா, இதற்குமேல் வாதமே தேவையில்லை. வீடு இழந்து போனவர்களைக் குறிக்கும் சொல்லை உடம்பைத் தின்னும் ஒன்றுக்கு வைக்கக்கூடாது. ஊடுருவல், படையெடுப்பு, அகதியணு போன்ற சொற்களையும் இதே காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். மனிதர்களிடமிருந்து எடுத்த சொல் நோய்க்குப் போனால், திரும்ப மனிதர்கள் மேலேயே வந்து விழும்.

"சேய்க்கட்டி" என்ற பரிந்துரை வந்தபோது உண்மையிலேயே எழுந்து நின்றேன். சேய் என்றால் பிள்ளை, சேய்மை என்றால் தொலைவு. தாய்க்கட்டியின் பிள்ளை, தொலைவில் இருப்பது. ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிடுகிறது. இரண்டு நாள் இதுதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அப்புறம் திருநெல்வேலியிலிருந்து செவிலியர் தங்கை எழுதிய நாலு வரி: எங்கள் வளாகத்தில் தாய்-சேய் நலம் என்ற பலகைக்குக் கீழேதான் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், சூலகத்தில் கட்டி வந்தவளிடம் சேய்க்கட்டி என்று நான் எப்படிச் சொல்வேன்? அவ்வளவுதான். இலக்கணம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அந்த வரிசையில் சொல்ல முடியாத சொல் நமக்கு வேண்டாம். தொலைவைக் குறிக்க "சேய்மை" மட்டும் தனியே பயன்படலாம். அதை விட்டுவிட வேண்டாம்.

தஞ்சாவூர் நண்பரின் "பதியம்" பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்தால் வேர்விட்டு இன்னொரு செடியாகும், அதே மல்லிகையாகவே இருக்கும். "யாருடையது" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. விதையில் இரண்டு பேர் கலந்திருப்பார்கள், பதியத்தில் தாய் மட்டும்தான். லண்டனில் ஸ்டீபன் பேஜட் 1889-இல் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு விதையும் நிலமும் என்று எழுதினார். விதை எல்லாப் பக்கமும் போகும், ஒத்துவரும் நிலத்தில்தான் முளைக்கும் என்றார். பதியம் அந்த வழியில் வருகிற சொல்தான். ஆனால் பதியம் போட ஓர் ஆள் வேண்டும். வேர்விடும்வரை தாய்க்கொடியோடு அது ஒட்டியே இருக்கும். புற்று அணுவோ முதலில் அறுத்துக்கொள்கிறது, பிறகுதான் வேர்விடப் பார்க்கிறது. அந்த நடு வழியில்தான் அதன் இயல்புகள் எல்லாம் இருக்கின்றன.

அந்த நடு வழியைப் பற்றி இழையில் யாரும் அதிகம் எழுதவில்லை. சொல்லாக்கத்துக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

குடலின் உள்வரிச் சுவரில் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். பிடித்திருக்கும் கைக்கு ஈ-கேடெரின் என்று பெயர். கிளம்பப் போகிற அணு அந்தக் கையைத் தளர்த்துகிறது, விமென்டின் என்ற நார்ப்புரதத்தைக் கூட்டுகிறது, நீண்டு நெளிந்து நகரத் தொடங்குகிறது. ஸ்னெய்ல், டுவிஸ்ட், செப் போன்ற மரபணுக்கள் இந்த மாற்றத்தை நடத்துகின்றன. இந்தக் கை போனால் என்ன ஆகும் என்பதற்கு இரைப்பையில் ஒரு கண்கூடான சாட்சி இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் இளவயதிலேயே பலர் இரைப்பைப் புற்றால் இறந்தார்கள். பாரி கில்ஃபோர்டும் குழுவினரும் அந்தக் குடும்பத்தாரோடு சேர்ந்து தேடி, ஈ-கேடெரின் மரபணுவில் இருக்கும் பழுதை 1998-இல் கண்டுபிடித்தார்கள். அவ்வகைப் புற்றில் அணுக்கள் கூட்டாகக் கட்டியாவதே குறைவு. தனித்தனியே உதிர்ந்து சுவருக்குள் இறங்கிவிடும். உள்ளே கோழை நிரம்பி உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு முத்திரை மோதிரம்போல் தெரியும்.

கிளம்பிய அணுவுக்கு ரத்தம் ஒன்றும் சொகுசான வண்டியில்லை. ஓட்டத்தின் வேகம் கிழிக்கும், எதிர்ப்பணுக்கள் கொல்லும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு சில தப்பிக்கும். ஐசையா ஃபிட்லர் 1970-இல் கதிரியக்கக் குறியிட்ட புற்று அணுக்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்தி எண்ணிப் பார்த்தார். 24 மணி நேரத்தில் உயிரோடிருந்தவை 0.1 சதவீதத்துக்கும் குறைவு. கட்டியானவை 0.01 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அது தோல் நிறமிப் புற்று என்றாலும் பெரும்பாலானவை வழியிலேயே சாகும் என்பது குடலுக்கும் பொருந்தும். பெருங்குடல் புற்று நோயாளியின் 7.5 மில்லி லிட்டர் ரத்தத்தில் மூன்று புற்று அணு இருந்தாலே எச்சரிக்கை என்று ஒரு பரிசோதனை வரையறுத்திருக்கிறது. அவ்வளவு ரத்தத்தில் சிவப்பணுக்கள் மூவாயிரம் கோடிக்கும் மேல் இருக்கும். அதற்குள் மூன்று!

பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால்தான் கல்லீரலில் அதிகம். மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தொடாமல் பெருஞ்சிரைக்குப் போய்விடும், அங்கே பிறந்த புற்று நேரே நுரையீரலில் இறங்கலாம். வழி ஒரு பாதி, நிலம் ஒரு பாதி. போய்ச் சேர்ந்தபிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இறங்கிய அணு நெளிந்த உருவத்தை விட்டுவிட்டு மறுபடி கை கோத்துக்கொள்கிறது, மறுபடி சுரப்பி வளையம் கட்டுகிறது. கல்லீரல் தகட்டில் குடலை நான் பார்த்தது அதனால்தான். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் கருணா கணேஷும் கூட்டாளிகளும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. புதுக்கட்டி எழுப்பும் பெருங்குடல் புற்று அணுக்கள் எல்1கேம் என்ற புரதத்தை நம்பியிருக்கின்றன. குடலின் அன்றாட வேலைக்கு அது தேவையில்லை. குடலில் காயம் பட்டால், ஆற்றுவதற்கு வேண்டும். ஆக, உடம்பு தன் காயத்தை ஆற்றிக்கொள்ள வைத்திருக்கும் திறமையைத்தான் இந்த அணுக்கள் எடுத்துக்கொள்கின்றன.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த அன்று மாலை மழை பெய்தது. குழல்விளக்கைச் சுற்றி ஈசல். காலையில் துடைப்பத்தால் வாசலைப் பெருக்கும்போது உடம்பில்லாத இறகுகள் குவியல் குவியலாக வந்தன. அப்போதுதான் உறைத்தது. நாம் ஏற்கெனவே இந்த நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்திருக்கிறோம். புற்றிலிருந்து கிளம்புவது எது? ஈசல்.

மண்ணுக்குள் இருப்பதற்கு இறகு கிடையாது, கிளம்பப் போவதற்கு மட்டும் முளைக்கிறது. ஆயிரக்கணக்கில் கிளம்பும், காக்கை, பல்லி, எறும்பு, நம் வீட்டு வாணலி எல்லாம் தாண்டி மிஞ்சுவது ஒன்றிரண்டு. மிஞ்சியது தரையிறங்கி இறகை உதிர்க்கும், ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போகும், பழைய புற்றைப்போலவே இன்னொன்று கட்டும். கைவிட்டு நகர்வது இறகு முளைப்பது. மறுபடி கை கோப்பது இறகு உதிர்ப்பது. ஜோடிகூடப் பொருந்துகிறது: புற்று அணுக்களும் தனியே போவதைவிடக் கொத்தாகப் போனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே என் பரிந்துரை இது. பிறந்த இடத்துக் கட்டி தாய்ப்புற்று. கிளம்பி அலையும் அணு ஈசலணு. இலங்கையில் கலம் என்பதால் ஈசற்கலம் என்றும் எழுதலாம். வேறிடத்தில் அது கட்டிய கட்டி கிளைப்புற்று. வினையாகச் சொன்னால் கிளைவிடுதல். "பெருங்குடல் புற்று கல்லீரலில் கிளைவிட்டிருக்கிறது." இந்த வாக்கியத்தை எங்கள் ஆய்வகத்தில் தகடு கழுவும் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ வேர் குடல்லயா?" என்று கேட்டார்கள். விளக்கமே தேவைப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பது நுண்கிளைப்புற்று, தொலைவில் இருப்பது சேய்மைக் கிளைப்புற்று.

மறுப்புகள் வரும். உடற்கூறியல் பேராசிரியர் ஐயா நேற்றே தனிமடலில் எழுதிவிட்டார்: கல்லீரல் கிளை என்றால் நரம்பின் கிளையா, தமனியின் கிளையா, புற்றா? சரியான கேள்வி. அதனால் தனியாகக் "கிளை" என்று எழுதவே கூடாது, எப்போதும் கிளைப்புற்றுதான். கிளை மரத்தோடு ஒட்டியிருக்குமே, பரவலில் நான் கண்ட குறை இதிலும் இருக்கிறதே என்றும் கேட்டிருந்தார். மரக்கிளைக்கு அது உண்மை. ஆனால் வங்கிக் கிளை, கடைக் கிளை, சங்கத்தின் கிளை எல்லாம் வேறு ஊரில்தானே இருக்கின்றன? பேச்சில் இன்று கிளை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சொந்தபந்தத்தைக் கிளை என்று சொல்லும் பழைய வழக்கும் துணைக்கு இருக்கிறது.

ஈசலணுவில் ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். இரைப்பைப் புற்று ரத்தத்தில் பறக்காமலும் போகும். இரைப்பையின் வெளிச்சுவரைத் தாண்டி வயிற்றறைக்குள் உதிர்ந்து, குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஈசல் என்பது பொருந்தாது. "உதிரணு" என்று வைக்கலாமா? நிணநீர் வழியாகப் போய் இடது கழுத்தெலும்புக்கு மேலே முடிச்சாக நிற்பதும் உண்டு. ருடால்ஃப் ஃபிர்ஹோ பெயரால் வழங்கும் முடிச்சு அது. அந்த வழியில் போகும் அணுவை ஈசலணு என்றே விடலாம் என்று நினைக்கிறேன், மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கடைசியாக அனாய்கிஸ். பிடிமானம் போன அணு தானே செத்துப்போகும் ஏற்பாடு. இதிலிருந்து தப்பிப்பதுதான் ஈசலணுவின் முதல் திறமை. ஃபிரிஷும் ஃபிரான்சிஸும் 1994-இல் வைத்த பெயர், கிரேக்கத்தில் வீடற்ற நிலை என்று பொருள். வீட்டிழப்பு என்று எழுதினால் அக்காவின் மறுப்பு இங்கேயும் வந்து நிற்கும். அதனால் "பற்றறு சாவு" என்று எழுதிப் பார்த்தேன். பற்று என்பதில் பிடிமானமும் இருக்கிறது, மனதின் ஒட்டுதலும் இருக்கிறது. அணு தன்னைத் தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் அபாப்டோசிஸுக்கு இதழ் உதிர்தல் என்ற பொருளில் 1972-இல் பெயர் வந்தபோது, ஆய்வாளர்கள் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்கிடம் போய்க் கேட்டுத்தான் வைத்தார்கள். அந்தப் பேராசிரியரின் இடத்தில் எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அபாப்டோசிஸ் "உதிர்சாவு", அனாய்கிஸ் "பற்றறு சாவு": இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது காதுக்கு ஒத்துப்போகிறதா என்று சொல்லுங்கள். "பற்றறு" என்பதைப் படிக்கையில் நாக்கு தடுக்குகிறதோ என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. தாய்ப்புற்றை அறுத்து எடுத்து வருடங்கள் ஆனபின் கிளைப்புற்று தலைகாட்டுவதுண்டு. அதுவரை அந்த அணு கல்லீரலிலோ எலும்பு மச்சையிலோ சாகாமலும் பெருகாமலும் கிடந்திருக்கிறது. உறங்கும் அணு என்றால் எழுப்பிவிடக்கூடாதே என்ற பயம் நோயாளிக்கு வந்துவிடுமோ என்று யோசிக்கிறேன். "கிடையணு" என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அது பிடித்திருக்கிறது. செவிலியர் தங்கையும் யாழ்ப்பாணத்து அக்காவும் கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு அத்தியாயத்தை மெய்ப்புக்கு அனுப்புகிறேன், அதற்குள் வந்தால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவள்